மூளைக்குப் போன இறால் கோது

இறால் கோதை நாங்கள் ஒருநாளும் ஒரு பொருளாக எண்ணியதில்லை. உரித்தால் கோது வரும். அதைக் கரையில் மீன் பிரிக்கிற கொட்டிலுக்கு, வாடிக்குப் பின்னால் கொட்டுவோம். காகம் கொஞ்சம் தின்னும், நாய் கொஞ்சம் தின்னும், மிச்சம் நாறும். நாறினால் தென்னைக்கு அடியில் கிடங்கு வெட்டி மூடுவோம். கடலோடு சேர்ந்த பனிச்சங்கேணிக் களப்பில் இறால் படுகிற காலத்தில் கரை முழுக்க அந்த வெடுக்குத்தான். வெளியூரார் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சுனாமிக்கு அடுத்த வருசம் அந்தக் கோதைக் கேட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு வான் வண்டி வந்தது.

அந்த வருசம் எங்கள் கரைக்கு வராத வான் இல்லை. பால்மா கொண்டு வந்தார்கள், பாய் கொண்டு வந்தார்கள், இந்த வெயிலுக்குக் கம்பளிச் சட்டை கொண்டு வந்தார்கள். ஒரு கூட்டம் வந்து எங்களை வட்டமாக நிற்கவைத்துப் பந்து எறிந்து விளையாடச் சொன்னது. விளையாடினால் மனம் ஆறுமாம். நானும் எறிந்தேன். வந்தவர்கள் எல்லாரும் எதையோ கொடுக்கத்தான் வந்தார்கள். எங்களிடம் ஒன்றைக் கேட்டு வந்தது இந்த வான் மட்டும்தான். அதனால் நான் கதிரை எடுத்துப் போட்டேன். மற்றவர்களுக்குப் பாய்தான்.

வானில் இருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தி பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள். வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை, தகப்பனுக்கு அங்கே வயல் வட்டை இருக்கிறதாம். பேச்சிலேயே நம்மவள் என்று தெரிந்தது. மற்றவர் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். வெயில் பட்டு அவித்த இறால் மாதிரிச் சிவந்திருந்தார். அவருடைய நாட்டுப் பல்கலைக்கழகமும் எங்களுடையதும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி செய்கிறார்களாம்.

"அம்மா, இந்தக் கோதை என்ன செய்றீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"எறியிறம்."

"எங்களுக்குத் தருவீங்களா?"

"என்னத்துக்கு புள்ள? கோழிக்கா?"

"மூளைக்கு."

நான் வெள்ளைக்காரரைப் பார்த்தேன். அவர் அது சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

பிறகு அவள் விளக்கிச் சொன்னாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவள் சொன்னது விளங்கியது. மனிதருடைய மூளை இளநீர் வழுக்கை மாதிரி. முற்றிய வழுக்கை அல்ல, கரண்டி பட்டால் வழுகுகிற இளம் வழுக்கை. மூச்சு விடும்போதெல்லாம் அது மண்டைக்குள் மெல்ல அசையுமாம். அதற்குள்ளே கடினமான சாமான் எதையும் வைத்தால் உரசி உரசிப் புண்ணாக்கிவிடும். அதனால் மூளை அளவுக்கே மெத்தென்று இருக்கிற ஒரு ஜெலி வேண்டும். இறால் கோதை அவித்து, அதில் உள்ள சுண்ணாம்பை எடுத்து, மிச்சத்தைக் கரைத்தால் அந்த ஜெலி வருமாம். அதற்குள் மருந்தை வைத்துத் தலைக்குள்ளே விட்டால், மூளை அதைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்குமாம். கோதில் இருந்து ஜெலி எடுப்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் வேலை. அதைத் தலைக்குள் வைப்பது அவர்களுடைய வேலை.

என் மனிசன் அந்த நேரம் கவிழ்த்து வைத்த தோணியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய வலது கை நடுங்கும். சும்மா வைத்திருந்தாலே நடுங்கும். கடல் வந்து களப்புக்குள் இறங்கி எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் ஊர் அதைக் கண்டது. நான் அதற்கு முந்திய வருசமே கண்டிருந்தேன். கடலைக் கண்டு பயந்த கை என்று ஊரில் முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. "பயந்தாக் காலெல்லோ நடுங்கணும்?" என்பார். பரிகாரியார் எண்ணெய் பூசினார். கோயிலில் நூல் கட்டினோம். கை தன்பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு தோளும் இறுகத் தொடங்கியது. வீச்சுவலை வீசுவதில் எங்கள் கரையில் அவருக்கு மேலே ஆள் இல்லை. அவர் வீசினால் வலை பாய் விரித்த மாதிரி விழும். இப்போது அது துவைத்த துணி மூட்டை மாதிரி விழுந்தது. இரண்டு மூன்று முறை அப்படி விழுந்ததை மற்றவர்கள் கண்டார்கள். அதன் பிறகு அவர் களப்பில் இறங்கவில்லை.

நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "கை நடுங்குறதுக்கும் இந்த ஜெலி போடலாமா புள்ள?"

அவள் என் மனிசனைப் பார்த்தாள். அவர் களப்பைப் பார்த்தார்.

"ஓம் அம்மா. அந்த மாதிரி வருத்தத்துக்குத்தான் முதல்ல செய்து பார்க்கிறம். ஆனா இப்பவே இல்ல. கனகாலம் எடுக்கும்."

அதில் 'ஓம்' மட்டும்தான் என் மனிசனுக்குக் கேட்டது. எனக்கு மிச்சமும் கேட்டது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் எதைக் கேட்டாலும் கனகாலம் என்றுதான் சொல்லுவார்கள்.

அடுத்த நாள் விடிய அவர் ஒரு உரப்பையை எடுத்துக்கொண்டு வாடி வாடியாகப் போனார். ஆட்களின் முகத்தில் முழிக்க விரும்பாமல் இருந்த மனிசன். ஒவ்வொரு வாடியிலும் நின்று கோதுக்குச் சொல்லி வைத்தார். அவரோடு ஒன்றாக வலை வீசிய ஒருவர், "என்ன மச்சான், றாலை விட்டுப்போட்டுக் கோதுக்கு வந்திட்டீங்க?" என்று சிரித்தார்.

"நீங்க றாலைத் தின்னுங்க. நாளைக்கு உங்கட மண்டை பழுதானா என்னட்டத்தான் வரணும்" என்றார் இவர்.

என் மச்சாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "மண்டைக்குள்ள றாலை வச்சா மனிசன் பின்பக்கமாத்தான் நீந்துவான்கா. பார்த்து வையுங்க."

"நீ முன்பக்கமா நீந்தி என்னத்தைக் கண்டாய்?" என்று நான் கேட்டேன். அவள் போய்விட்டாள்.

வேலை இப்படி. கோதை நல்ல தண்ணீரில் கழுவி, பாயில் காயவைத்து, உரலில் இடித்து, அரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை சொன்னது அவ்வளவுதான். அவள் சொல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். கழுவிய கோதை மஞ்சள் தண்ணீரில் ஊறப் போட்டேன்.

அதைச் சொல்லித்தர வேண்டிய தேவை இல்லை. மீன் அரிந்தாலே மஞ்சள் போட்டுத்தான் வெடுக்கு எடுப்போம். தலை என்றால் அதைவிடக் கூட. பெரியபிள்ளையானவளுக்குத் தலைக்கு வார்க்கிற தண்ணீரில் மஞ்சள், அம்மாள் வருத்தம், கொப்பளம் மாறித் தலை தோய்கிறவனுக்கும் மஞ்சள், கோயிலில் தெய்வம் ஆடுகிறவரின் தலையில் ஊற்றுவதும் மஞ்சள் தண்ணீர். இது மீன், இறைச்சி மாதிரி மச்சம். அதுவும் மனிதருடைய தலைக்கு உள்ளேயே போகப் போகிறது. நான் காலையில் தோய்ந்து, பச்சை மஞ்சளை அம்மியில் நானே அரைத்தேன். வேறு ஆளைக் கை வைக்க விடவில்லை. காய்ந்து வந்தபோது கோது தங்க நிறமாக இருந்தது. கரையில் நின்றவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள்.

ஒருமுறை வான் வரவில்லை. நாங்களே பையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். எங்கள் பை யூரியா வந்த பை. யூரியாவில் குண்டு செய்வார்கள் என்று அந்தக் காலத்தில் அதைக் கொண்டு திரிவது நல்ல விசயம் இல்லை. நாங்கள் அதை யோசிக்கவில்லை.

"அம்மே, மே மொகத?" என்று ஆமிக்காரன் பையைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"றால் கோது."

அவன் பையை அவிழ்த்துப் பார்த்தான். உள்ளே மஞ்சள் தூள். "யூரியா?"

"றால்."

"எங்க போறது?"

"யுனிவசிற்றிக்கு."

"ஏன்?"

"மூளைக்குள்ள போட."

அவன் பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் தமிழ் நன்றாகப் பேசினான். அவனும் அதையே கேட்டான், நானும் அதையே சொன்னேன். அவன் என் மனிசனுடைய கையைப் பார்த்துவிட்டு, "ஐயாக்கு ஏன் பயம்?" என்றான்.

"பயமில்ல" என்றார் இவர். "இந்தக் கைக்குத்தான் இதைக் கொண்டு போறம்."

பெரியவன் மோப்ப நாயைக் கொண்டுவரச் சொன்னான். நாய் வந்து மோந்தது. பிறகு தின்னத் தொடங்கியது. அதை இழுத்தெடுக்கப் பெரியவனே வர வேண்டியதாயிற்று. போங்கள் என்று கையைக் காட்டினான். பஸ்ஸில் இருந்தவர்கள் அதன் பிறகு எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை.

கொஞ்சக் காலம் கழித்து அந்தப் பிள்ளை தனியாக வந்தாள். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அம்மா, கோதில என்ன போட்டீங்க?"

"மஞ்சள். ஏன், போட்டது காணாதா?"

அவள் அதற்குப் பிறகு கதிரையில் இருந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

"காரத்தில போட்டு அவிக்கக்குள்ள ஆலாத்தித் தண்ணி மாதிரிச் சிவந்துது அம்மா. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றாள். "நானும் இந்த ஊர்க்காரிதானே."

ஜெலி முழுதாக வெளுக்கவில்லையாம். அப்படியே பேராசிரியருடைய நாட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கே ஜெலிக்குள் மூளையின் உயிரணுக்களை வைத்து ஒரு விளக்கின் கீழே பார்ப்பார்களாம். உயிரோடு இருக்கிற அணு பச்சையாக ஒளிருமாம். எங்கள் ஜெலியில் எங்கே பார்த்தாலும் பச்சை. பேராசிரியர் நல்ல சந்தோசமாக இருந்தாராம், ஆட்களுக்கெல்லாம் சொன்னாராம். பிறகு ஒன்றுமே வைக்காத வெறும் ஜெலியைப் பார்த்தபோதும் அது பச்சையாக ஒளிர்ந்ததாம். மஞ்சளுக்கு அப்படி ஒரு குணமாம்.

"மறுகா ஒருக்கா மஞ்சள் போடாமத் தாங்க அம்மா."

"தரமாட்டன்."

"ஏன் அம்மா?"

"மனிசர்ர தலைக்குள்ள மச்சத்தை வெடுக்கோட வைக்க நான் உதவமாட்டன். எங்கட குடியில அப்பிடி வழக்கமில்ல."

அவள் மெதுவாகச் சொன்னாள். "இது மனிசர்ர தலைக்குப் போகல்ல அம்மா. எலிக்குத்தான் போகுது."

"எலிக்கா?"

"எலிர தலைக்குள்ள வச்சுப் பார்ப்பாங்க. அது சரிவந்தா வேற மிருகம். அதுவும் சரிவந்தாத்தான் மனிசர். நான் முதலே வடிவாச் சொல்லியிருக்கணும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"என்ர காலத்திலயே வந்தாப் பெரிய விசயம்."

அவளுடைய தலையில் ஒரு நரைகூட இல்லை. என் மனிசனுக்கு அப்போதே பாதிப் பல் இல்லை.

"எலிக்கெண்டா மஞ்சள் தேவையில்ல" என்றேன். "சும்மாவே கழுவித் தாறன். மனிசருக்கு எண்டு வாற நாளைக்கு வந்து சொல்லுங்க."

சொல்லுகிறேன் என்றாள். போகும்போது, இந்த நடுக்கத்துக்கு மருந்துக் குளிசை இருக்கிறது, ஐயாவை நகரத்து ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டுங்கள் என்றும் சொன்னாள். பார்ப்போம் என்றேன். எனக்கு அப்போது இருந்த யோசனை வேறு. அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

அவர் கடைசி வாடியில் இருந்து பையோடு வந்துகொண்டிருந்தார். நான் எதிரே நடந்து போனேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு வராது.

"இஞ்சேருங்க, அது எலிக்காம்."

"எது?"

"ஜெலி. எலிர தலைக்குள்ளதான் வைப்பாங்களாம்."

அவர் பையை இறக்கி வைத்தார். "எலிக்கும் கை நடுங்குமோ?"

"இவங்க என்னத்தையோ ஏத்தி நடுங்க வைப்பாங்களாம். பிறகு ஜெலி வச்சுச் சுகப்படுத்துறதாம்."

"அதுக்கு நடுங்க வைக்காம விட்டிருக்கலாமே."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

களப்பில் யாரோ வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நமக்கு?" என்றார்.

"நமக்கு இல்ல."

அவர் குனிந்து பையின் வாயைக் கட்டினார். விரல்கள் கயிற்றைப் பிடிக்கவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை. போனால் அவருக்குப் பிடிக்காது. முடிச்சு விழும்வரை நின்றேன், பிறகு இருவரும் வீட்டுக்கு வந்தோம். அடுத்த நாள் அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். "எலியும் பாவந்தானே" என்றார். நானும் மஞ்சள் இல்லாமல் ஒரு பை இடித்துக் கொடுத்தேன்.

அந்தப் பையோடு எங்கள் பக்கத்தில் சண்டை தொடங்கிவிட்டது. ஊரோடு எழும்பி நடந்தோம். கோது காய்ந்த பாய் காய்ந்தபடியே கிடந்தது. முகாமில் ஒரு கூடாரம் தந்தார்கள். களப்பும் இல்லை, வாடியும் இல்லை, அவருக்குப் போவதற்கு ஒரு இடமும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தார். கால் இழுக்கத் தொடங்கியது. சோற்றை வாய்க்குக் கொண்டு போகும்போது பாதி சிந்தியது. நான் ஊட்டுகிறேன் என்றால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார்.

அந்தப் பிள்ளை எங்களை அங்கே தேடிக் கண்டுபிடித்தாள். கோது இல்லை என்றேன். கோதுக்கு வரவில்லை, ஐயாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்றாள். இவர் ஒரே பிடியாக மறுத்தார்.

"ஜெலி எலிக்கு, குளிசை எனக்கா? எனக்கு ஒண்டும் வேணாம்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தருகிற வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வருவார். கடல் கொண்டுபோன வீடும் என்னுடையது. கூடாரத்தையும் என் பேரில்தான் பதிந்திருந்தார்கள்.

"இது என்ர வீடு" என்றேன். "குளிசை போடாத ஆக்கள் வெளியில படுக்கலாம்."

அந்தப் பிள்ளை கூடாரத்தின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் எட்டிப் பார்த்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

டொக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், குளிசை எழுதினார். அதைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கை அடங்கும். தோள் இளகும். சில மணித்தியாலம் அப்படி இருக்கும், பிறகு பழையபடி வந்துவிடும். தலைக்குள் ஒன்றும் வைக்காமல், வாயால் விழுங்குகிற ஒரு சின்னக் குளிசை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஒருமாதிரியாகத்தான் இருந்தது. எத்தனை கோது இடித்தேன்.

ஊருக்குத் திரும்பவிட்டார்கள். அதற்குப் பிந்தி வடக்கில் சண்டை முடிந்தது என்றார்கள். சாவடியில் ஆமிக்காரர் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். என் தமக்கையின் மகன் வடக்கில் அந்தச் சண்டைக்குள் இருந்தவன். பாற்சோற்றை வாங்கினோம். தின்றோமா என்று கேட்காதீர்கள்.

அதன் பிறகு பேராசிரியரும் அந்தப் பிள்ளையும் ஒன்றாக வந்தார்கள். பேராசிரியர் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுத்து என் மனிசனுடைய கையில் கொடுத்தார். உள்ளே ஜெலி. கண்ணாடிக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. கையில் வைத்ததும் அது கிடந்து ஆடியது.

"இதுக்கும் அந்த வருத்தம் இருக்குப் போல" என்றார் இவர்.

அந்தப் பிள்ளை இங்கிலீசில் சொன்னாள். பேராசிரியர் சிரித்தார். பிறகு கையைக் கண்டு நிறுத்தினார்.

"எலி எப்பிடி இருக்கு?" என்று இவர் கேட்டார்.

பேராசிரியர் கனக்கச் சொன்னார். பிள்ளை சுருக்கிச் சொன்னாள். கொஞ்சம் செத்துப் போனதாம். கொஞ்சம் முன்னைப்போலவே இருக்கிறதாம். சிலது ஒடுங்கிய பலகையில் விழாமல் நடக்கிறதாம். அந்தச் சிலதுக்கு வைத்தது நாங்கள் சண்டைக்கு முன் கடைசியாகக் கொடுத்த பையில் இருந்து எடுத்த ஜெலியாம்.

"நேரா நடக்குதோ?"

"நேரா நடக்குது ஐயா."

"சாப்பாடு ஒழுங்காக் குடுக்கிறாங்களோ?"

"குடுக்கிறாங்க."

இவர் தலையை ஆட்டினார். போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். பேராசிரியர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மனிதருக்கு வருவதற்கு இன்னும் கனகாலம் எடுக்கும், மன்னிக்க வேண்டும் என்று சொல்லப் போகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இவர் காத்திருக்கவில்லை.

"இஞ்சேர்கா, எழும்பு. குளிசை இறங்க முன்னம் போகணும்."

குளிசை போட்டுக் கை அடங்கிய நேரத்துக்குள் களப்பில் இறங்கிவிட வேண்டும். அந்த மாதம்தான் தொடங்கியிருந்தோம். அவர் தோணியின் முன்பக்கம் நிற்பார், நான் பின்னால் நின்று கம்பு ஊன்றுவேன். பெண் கம்பு ஊன்றுவது எங்கள் கரையில் வழக்கம் இல்லை. மச்சாளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, சொல்லட்டும். வந்தவர்களைக் கதிரையில் விட்டுவிட்டு, தேத்தண்ணியைக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டே நானும் இறங்கினேன்.

ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தினேன். அவர் வலையை மடித்துத் தோளில் போட்டார், ஓரத்தைப் பல்லில் கடித்தார், இடுப்பைத் திருப்பி வீசினார். முழுதாக விரியவில்லை. முக்கால்வாசி விரிந்து விழுந்தது. கரையில் நின்ற பேராசிரியர் கை தட்டினார்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"முக்காலுக்கு என்னத்துக்குக் கை தட்டுறார்?"

"வெள்ளைக்காரன். தெரியாது" என்றேன்.

அவர் வலையை இழுத்து, உதறி, மடித்துத் தோளில் போட்டார். நான் தோணியைக் கொஞ்சம் அங்கால் தள்ளினேன். திரும்ப வீசினார்.